இமாம் புகாரி (ரஹ்): விசாரித்த பிறகே ஏற்றவர்கள்



ஹிஜ்ரி 194இல் புகாரா நகரில் பிறந்தவர்கள் இமாம் புகாரி (ரஹ்). சிறு வயதிலேயே தந்தையை இழந்து தாயின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். 16 வயதளவில் தாயாருடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள், கல்விக்காக மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். பிறகு பஸ்ரா, கூஃபா, பக்தாத், ஷாம் என்று ஹதீஸைத் தேடிப் பயணித்தார்கள்.

ஒரு ஹதீஸ் கிடைத்தால் சொன்னவர் யார், நம்பகமானவரா, யாரிடம் கேட்டாரோ அவரை உண்மையில் சந்தித்தாரா என்று ஒவ்வொருவராக விசாரிப்பார்கள். சுமார் 6 லட்சம் அறிவிப்புகளை அலசி, 16 ஆண்டுகள் உழைத்து, 7,000க்குச் சற்று அதிகமானவற்றையே ஸஹீஹில் பதிந்தார்கள். ஹிஜ்ரி 256, நோன்புப் பெருநாள் இரவில் ஸமர்கந்த் அருகே வஃபாத்தானார்கள்.

இப்போது நம் பகுதியைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதி உணவால் நோயுற்றது உண்மை. தோழிகளின் நிலை சரியாகத் தெரியாத வேளையில், சிலர் இறந்துவிட்டதாக வதந்தி போனுக்குப் போன் பரவியது. பதறிய பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் வந்தன. ஒரகடத்தில் நம்மோடு ஷிப்ட் பார்ப்பவரின் தாய், தொலைதூரத்தில் அதைப் பார்த்தால் எப்படித் துடித்திருப்பார்!

உண்மையை மறைப்பதும் வதந்திக்கு வழி திறக்கும். விசாரிக்காமல் பரப்புவது அதை வளர்க்கும். ஃபார்வர்ட் செய்யுமுன் கேளுங்கள்: சொன்னவர் யார்? நேரில் பார்த்தாரா? எந்த ஊர், எந்த நாள்? பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும்.

அல்லாஹ் நம் நாவையும் விரல்களையும் பொய்யிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.