மளிகைக்கடைச் சிறுவன் விண்மீனின் வெப்பத்தை அளந்தான்!

ஆலைச் சங்கு ஊதுமுன் அவசர அவசரமாகப் பத்திரிகையைப் புரட்டும் தோழர்களுக்கு இன்று ஓர் ஆராய்ச்சியாளரின் கதையைச் சொல்ல விழைகிறோம். ஆராய்ச்சியா, அது நமக்கெதற்கு, மாடமாளிகையிலே வாழ்வோர் மண்டையைக் குடைந்துகொள்ளும் காரியமாயிற்றே என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நாம் கூறப்போவது மாளிகையில் பிறந்தவர் கதை அல்ல. மளிகைக் கடையில் வளர்ந்தவர் கதை!

மேக்நாத் சாகா என்பது அவர் பெயர். இன்று வங்கதேசத்தில் இருக்கும் டாக்கா வட்டாரத்தில், சியோராதலி என்னும் சிற்றூரில், 1893 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் நாள் பிறந்தார். புயலும் மழையும் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்த இரவாம் அது. ஆகவே மேகங்களுக்கு அதிபதியாகிய தேவனை எண்ணி, மேகங்களின் நாதன் என்று பொருள்படப் பெற்றோர் பெயரிட்டனர். வளர்ந்த பிள்ளையோ, வங்க மொழியிலே ஓர் எழுத்தை மாற்றி, மேக முழக்கம் என்று பொருள் வரும்படி அதைத் திருத்திக்கொண்டார். அது யார் பெயர் தெரியுமோ? இந்திரனையே வென்று கட்டிக் கொணர்ந்தவன் என்று புராணம் புகலும் இலங்கை வேந்தனின் மைந்தன் பெயர்! தேவன் பெயர் வேண்டாம், தேவனை வென்றவன் பெயர் போதும் என்று எண்ணினார் போலும். நமக்கென்னவோ அந்தத் திருத்தம் பிடித்திருக்கிறது.

தந்தை ஜகன்னாத்துக்குச் சிறு கடை, வயிறுகளோ பல. மகன் தராசு பிடிக்கக் கற்றால் போதும், ஏடு பிடித்து என்ன செய்யப்போகிறான் என்பது அவர் எண்ணம். குற்றம் கூற இயலுமா? ஏழையின் வீட்டிலே பிள்ளையின் படிப்பு என்பது, இன்றைய கஞ்சியைக் கொட்டிவிட்டு நாளைய விருந்துக்குக் காத்திருப்பது போன்றதன்றோ! ஆனால் அண்ணன் ஜயநாத் விடவில்லை. அடுத்த படிப்புக்கான பள்ளி ஏழு கல் தொலைவில், சிமுலியா என்ற ஊரில் இருந்தது. அங்கே அனந்தகுமார் தாஸ் என்ற மருத்துவர், தம் இல்லத்தில் உண்டி உறையுள் தர ஒப்பினார். தன் தட்டைத் தானே கழுவவேண்டும், வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. மாடு மேய்த்தபடியே படித்தான் சிறுவன். மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினான்! மாதம் 4 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. சணல் கம்பெனியிலே 20 ரூபாய் சம்பளக்காரரான அண்ணன், அதிலிருந்து 5 ரூபாயைக் கிள்ளித் தம்பிக்கு அனுப்பினார். வைசியர் சங்கமொன்று 2 ரூபாய் தந்தது. ஆக மொத்தம் 11 ரூபாய். இந்தப் 11 ரூபாய்தான் பின்னாளில் விண்மீன்களின் கணக்கைத் தீர்த்தது.

1905 ஆம் ஆண்டு, வங்கத்தைக் கர்சன் பிரபு இரு கூறாக்கினார். நாடு கொதித்தது. கிழக்கு வங்கத்து வெள்ளைக்கார கவர்னர் புல்லர், டாக்கா கல்லூரிப் பள்ளிக்கு விஜயம் செய்தபோது மாணவர் சிலர் அவரைப் புறக்கணித்தனர். அவர்களுள் பன்னிரண்டு வயது சாகாவும் ஒருவன். விளைவு? பள்ளியிலிருந்து நீக்கம்! உபகாரச் சம்பளம் பறிபோயிற்று! வேறொரு பள்ளி இடம் கொடுத்துக் காத்தது.

வெள்ளையன் கொடுத்த அடி அது. சொந்த நாட்டார் கொடுத்த அடி வேறு. அது 1911 இல், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது கிடைத்தது. ஈடன் இந்து விடுதியிலே தங்கினார். சாகா என்பது வணிகக் குலத்தார் பெயர். வங்கத்துச் சாதிப் படிக்கட்டிலே கீழ்ப்படி. மேல்சாதி மாணவர்கள் அவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். சரஸ்வதி பூசையன்று மலர் தூவ வந்தவரைத் தடுத்தனர். கவனியுங்கள் தோழர்களே! கல்விக்குத் தெய்வமென்று கூறுகிறார்கள். அந்தக் கல்வியிலே தங்களை மிஞ்சியவனை அந்தத் தெய்வத்தின் பக்கம் நெருங்கவிடவில்லை! கணிதத் தேர்விலே அவருக்கு மேல் இடம் பெற்றவர் ஒரே ஒருவர்தான்; உடன் பயின்ற சத்யேந்திரநாத் போஸ், பிற்காலத்தில் ஐன்ஸ்டீனோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயருக்குரியவர். அத்தகையவருடன் போட்டியிட்ட மூளைக்குப் பந்தியிலே இடமில்லை.

படிப்பு முடிந்ததும் நிதித்துறைப் பரீட்சை எழுதி உத்தியோகம் பார்க்க விரும்பினார். அரசியல் புரட்சிக்காரர்களோடு தொடர்பு என்று சந்தேகப்பட்ட சர்க்கார் அனுமதி மறுத்தது. மறுத்திராவிட்டால், ஏதோவொரு கச்சேரியிலே கணக்குப் பார்க்கும் அதிகாரியாக அவர் ஓய்வு பெற்றிருப்பார்! கல்கத்தாவில் காலையும் மாலையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்த அவரை, பல்கலைக்கழகத்தின் புதிய விஞ்ஞானக் கல்லூரிக்கு அழைத்துக்கொண்டார் அசுதோஷ் முகர்ஜி.

அங்கேதான் அந்தக் கண்டுபிடிப்பு. சற்று பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

சூரிய ஒளியை ஒரு முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால் ஏழு வண்ணங்களாக விரிகிறது. அதைக் கூர்ந்து நோக்கினால், வண்ணங்களின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் ஏராளம். ஒவ்வொரு கோடும் ஒரு பொருளின் கைரேகை: இது இரும்பு, இது சுண்ணம், இது ஹைட்ரஜன் என்று கூறிவிடலாம். விண்மீன்களின் ஒளியையும் இவ்வாறே பிரித்து, அமெரிக்காவில் ஹார்வார்டு வானாய்வுக் கூடத்திலே, ஆனி கேனன் என்ற பெண்மணி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை வகை பிரித்து வைத்தார். ஒரு மீனில் ஹைட்ரஜன் கோடு ஓங்கி நிற்கும், இன்னொன்றில் சுண்ணம், மற்றொன்றில் ஹீலியம். ஏன் இப்படி? ஒவ்வொரு மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதோ? விடை கூறுவார் இல்லை.

சாகா கூறினார். பொருள் வேறல்ல, வெப்பம் வேறு! கொல்லன் உலையிலே ஒரே இரும்பு சிவக்கிறது, மஞ்சளாகிறது, வெளுக்கிறது, இரும்பு மாறிவிட்டதா? இல்லை, சூடு ஏறியிருக்கிறது. உவமை முழுதும் பொருந்தாது, எனினும் வழி காட்டும். அணுவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் உள்ளன. வெப்பம் மிக மிக, அணு தன் எலெக்ட்ரானை இழக்கிறது. அழுத்தம் குறைந்த இடத்திலே இன்னும் எளிதாக இழக்கிறது. எலெக்ட்ரானை இழந்த அணுவின் கைரேகை வேறு. எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து நிற்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். 1920 இல், இலண்டனில் வெளிவந்த தத்துவ இதழொன்றில் அது அச்சாயிற்று. அவருக்கு அப்போது வயது 27! அதற்கு முன்பு வேறொரு கட்டுரையை அமெரிக்க வானியல் ஏட்டுக்கு அனுப்பியபோது, அச்சுச் செலவில் ஒரு பகுதியைத் தருமாறு கேட்டார்கள். டாலர் கொடுக்க வழியில்லாமல், கல்கத்தா பல்கலைக்கழக ஏட்டிலேயே வெளியிட்டுக்கொண்ட ஆராய்ச்சியாளர் அவர்.

சூத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டால், கோடுகளைப் பார்த்தே விண்மீனின் சூட்டைச் சொல்லலாம். சூரியனில் காணப்படாத ருபீடியம் என்ற பொருள், குளிர்ச்சி மிகுந்த சூரியப் புள்ளிகளிலே காணப்படவேண்டும் என்றார். அமெரிக்க நிபுணர் ரஸ்ஸல் தேடினார், கண்டார். 1925 இல் செசிலியா பெய்ன் என்ற இளம்பெண் இதே சூத்திரத்தை வைத்து, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று காட்டினார். 1927 இல் இலண்டன் ராயல் சொசைட்டி சாகாவை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு வரவில்லை.

ஐரோப்பா சென்று திரும்பிய சமயம். டாக்காவிலே ஒரு வக்கீல், நீர் என்ன கண்டுபிடித்தீர் என்று விசாரித்தார். இளைஞர் ஆர்வத்தோடு விளக்கினார். வக்கீலோ, ஒவ்வொரு சொல்லுக்கும், இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்று சலிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பகுதியில் என்று கேட்டால், நான் படித்ததில்லை, ஆனால் இருக்கும் என்றார்! வேறு ஒருவராயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சாகாவோ இருபது ஆண்டுகள் வேதங்களையும் உபநிடதங்களையும் புராணங்களையும் பழைய சோதிட நூல்களையும் புரட்டிப் பார்த்தார். விஞ்ஞானத்தின் மூலங்கள் அங்கே காணவில்லை என்று வங்க ஏட்டிலே எழுதினார். படிக்காமலே இருக்கிறது என்றவருக்கு, படித்துவிட்டு இல்லை என்ற பதில்!

அலகாபாத்தில் 15 ஆண்டுகள் பேராசிரியராயிருந்தார். 1938 இல் கல்கத்தா திரும்பினார். ஆய்வுக்கூடக் கதவுக்கு வெளியே வந்த சாகாவைத்தான் நாம் அதிகம் எண்ணிப் பார்க்கிறோம். மாணவராயிருந்த 1913 இலேயே தாமோதர் நதி வெள்ள நிவாரணத்துக்குப் போனவர். 1922 இல் வடவங்க வெள்ளத்தின்போது ஆசான் பி. சி. ரேயோடு உழைத்தவர். கஞ்சித்தொட்டி வைத்தால் மட்டும் போதுமா, வெள்ளம் ஏன் வருகிறது என்று கேட்கவேண்டாமா என்றது அவர் உள்ளம். 1943 இல் தாமோதர் கரையை உடைத்துக் கல்கத்தாவின் ரயில் பாதையையே துண்டித்தபோது, விசாரணைக் குழுவில் அவரும் அமர்ந்தார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தைப் போல, ஒரே அமைப்பு அணை கட்டட்டும், மின்சாரம் எடுக்கட்டும், பாசனம் தரட்டும் என்று எழுதி எழுதி வற்புறுத்தினார். 1948 இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டப்படி உதித்தது. தில்லையா, கோனார், மைதான், பாஞ்செட் என்று 1953 முதல் 1959 வரை நான்கு அணைகள் எழுந்தன.

1938 இல் காங்கிரசுத் தலைவர் சுபாஷ் போஸ் தேசியத் திட்டக் குழுவை அமைக்கக் காரணமானவர்களுள் ஒருவர் அவர். நேருவே தலைமை ஏற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவரே. இராட்டையும் மாட்டு வண்டியும் நாட்டின் வறுமையைப் போக்கா, இயந்திர சக்தியே போக்கும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். கதர்க் கூட்டத்தாருக்கு அது கசந்தது. அதே நேரு பிரதமரான பின், அணு ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களில் வளர்க்காமல் சர்க்காரின் இரகசியப் பெட்டிக்குள் பூட்டுவது தவறு என்று எதிர்த்தார். தாமே கல்கத்தாவில் நிறுவிய அணு பௌதிகக் கழகத்தை 1950 இல் திறந்து வைக்க, கியூரி அம்மையாரின் மகள் ஐரீன் வந்தார். 1952 தேர்தலில், இடதுசாரிகள் ஆதரவோடு வடமேற்குக் கல்கத்தாவில் சுயேச்சையாக நின்று காங்கிரசை வென்று, பார்லிமெண்ட் சென்றார். அகதிகளுக்காகவும் அணுசக்திக்காகவும் அங்கே வாதாடினார்.

கடைசிப் பணி பஞ்சாங்கம்! 1952 இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர் சாகா. நாட்டில் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் புழங்கின. பழைய சூரிய சித்தாந்தம் கூறும் ஆண்டு, பருவங்களின் உண்மை ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளம். 24 நிமிடம்தானே என்பீர்கள். 1,400 ஆண்டு சேர்ந்தால் 23 நாள்! பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச்சு 21 ஐ ஒட்டி வர, பஞ்சாங்கக்காரர் அதை ஏப்ரல் 14 வரை இழுத்துச் செல்வது இதனால்தான். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 இல். பஞ்சாங்கமோ தை முதல் நாள் வரை காத்திருக்கச் சொல்கிறது. (பொங்கல் உழவர் திருநாள், கதிர் வீடு வந்த மகிழ்ச்சிக்குச் சூரியனிடம் அனுமதி தேவையில்லை. நல்ல நேரம் குறித்துத் தருகிறேன் என்று காசு வாங்குவோருக்குத்தான் இந்தக் கணக்கு சங்கடம்.) வானத்தைப் பாராமல் ஏட்டைப் பார்த்து எழுதும் கணக்கை விடுத்து, மார்ச்சு 22 இல் ஆண்டு தொடங்கும் ஒரே நாட்காட்டியைக் குழு 1955 இல் பரிந்துரைத்தது.

1956 பிப்ரவரி 16. டில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியிலே மாரடைப்பு. சுருண்டு விழுந்தார், மாண்டார். வயது 62. ஓராண்டு கழிந்து, 1957 மார்ச்சு 22 இல், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக அவர் குழுவின் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. சர்க்கார் கெசட்டிலே ஆங்கிலத் தேதியோடு அந்தத் தேதியும் அச்சாகிறது. கடைத்தெருவில் விற்கும் பஞ்சாங்கங்களோ, 23 நாள் பிந்தியே நடந்துகொண்டிருக்கின்றன.