ராமனுக்குப் பக்கத்தில் நின்ற கிருஷ்ணன்

1928-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி. செவ்வாய்க்கிழமை. இரவு 9 மணி இருக்கும்.

கல்கத்தா நகரில் ஒரு வீட்டின் மாடி அறை. சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு இளைஞர்கள் பேசிக் கொண்டிருந்தார்கள். இருவரும் ஆராய்ச்சி செய்கிறவர்கள்.

திடீரென்று கீழே வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். நின்று கொண்டிருந்தவர் அவர்களுடைய பேராசிரியர்!

அவர் ஒரே பரபரப்பாக இருந்தார். அன்று காலை ஆய்வுக்கூடத்தில் பார்த்த மங்கலான வெளிச்சத்துக்கு என்ன காரணம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் வரை காத்திருக்க மனம் இல்லாமல், அந்த இளைஞரைத் தேடி வந்துவிட்டார். வீட்டு வாசலிலேயே நின்று கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.

தேடி வந்த பேராசிரியர் சி.வி.ராமன். உலகம் அறிந்த பெயர்.

அவர் தேடி வந்த இளைஞருக்கு அப்போது வயது 29. பெயர் கே.எஸ்.கிருஷ்ணன். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28-ந் தேதி பள்ளிக்கூடங்களில் அறிவியல் தினம் கொண்டாடுகிறோமே, அந்தக் கண்டுபிடிப்பைச் சொன்ன முதல் கட்டுரையில் ராமனுக்கு அடுத்தபடி இருந்த பெயர் அவருடையதுதான்.

வத்திராயிருப்புப் பிள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. இப்போது விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நெல்லும் தென்னையும் விளைகிற ஊர். 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி அங்கே பிறந்தார் கிருஷ்ணன். கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் என்பது முழுப் பெயர். தகப்பனார் நிலபுலன்களையும் கவனித்தார், படித்தவராகவும் இருந்தார். தமிழும் வடமொழியும் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே ஊறிவிட்டன. கடைசி வரை அந்த ருசி போகவில்லை.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்து முடித்ததும் அதே கல்லூரியில் ரசாயனப் பிரிவில் செய்முறை சொல்லித் தரும் வேலை கிடைத்தது.

சிறிய உத்தியோகந்தான். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். மதிய இடைவேளையில் மாணவர்கள் வந்து எந்தச் சந்தேகத்தை வேண்டுமானாலும் கேட்கலாம். பௌதிகமா, ரசாயனமா, கணக்கா என்ற பேதம் இல்லை. இந்தச் செய்தி பரவி, மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்! சாப்பாட்டு நேரத்தில் பாடம் கேட்கக் கூட்டம் கூடியது என்றால், சொல்லித் தந்தவர் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்!

1920-ல் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். ராமனிடம் படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ராமனும் அதே மாதிரி, பெரிய சம்பளம் வந்த சர்க்கார் கணக்கு உத்தியோகத்தை 1917-ல் உதறிவிட்டுப் பேராசிரியர் ஆனவர்தானே! 1923-ல் கிருஷ்ணன் அவரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். போ பஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை.

தூசி இல்லாத திரவம்

என்ன வேலை?

ஓட்டு வீட்டில் கூரைச் சந்து வழியாக வெயில் விழும்போது, ஒளி ஒரு கம்பு போலத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கிற தூசிகள் ஒளியை நாலாபக்கமும் சிதற அடிப்பதால்தான் அது தெரிகிறது. தூசியே இல்லாவிட்டாலும், திரவத்தின் அணுக்கூட்டங்கள் தாமே ஒளியைச் சிறிது சிதற அடிக்கும். அது மிகமிக மங்கலாக இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு தூசி மிதந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். ஆகவே திரவத்தைக் காய்ச்சி, ஆவியாக்கி, காற்றை நீக்கிய கண்ணாடிக் குடுவையில் திரும்பவும் பிடிக்க வேண்டும். பிறகு மறுபடியும் காய்ச்ச வேண்டும். துளி அழுக்கும் இல்லை என்று ஆகும் வரை இப்படியே செய்ய வேண்டும். கிருஷ்ணன் 60-க்கும் மேற்பட்ட திரவங்களை இப்படிச் சுத்தம் செய்து பரிசோதித்தார். பொறுமை இல்லாதவன் ஒரே வாரத்தில் ஊருக்கு ரயில் ஏறியிருப்பான்!

இந்த வேலையில் அவர் பிடித்துக்கொண்ட ஓர் உண்மை பிற்காலத்தில் அவருக்கே வழி காட்டியது. அணுக்கூட்டம் என்பது கோலிக்குண்டு போல உருண்டையானது அல்ல. சில தட்டையானவை, சில நீளமானவை. நீளவாட்டில் ஒரு குணம், குறுக்குவாட்டில் ஒரு குணம்.

அதன் பிறகு சில ஆண்டுகள் கணக்கிலும் ஏட்டிலும் மூழ்கிவிட்டார். விஞ்ஞானி வெகுகாலம் பரிசோதனையை விட்டு விலகி இருப்பது நல்லதல்ல என்று ராமன் வற்புறுத்தினார். அதன்பேரில்தான் 1928 பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் மறுபடியும் குடுவைகளைக் கையில் எடுத்தார்.

சூரியனே விளக்கு

அந்தப் பரிசோதனையைப் போல எளிமையானது வேறு இல்லை. சூரிய ஒளியை ஒரு பெரிய லென்ஸ் வழியாகக் குவித்துத் திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். வழியில் ஊதா நிறக் கண்ணாடி ஒன்றை வைத்தார்கள். அது நீலத்தையும் ஊதாவையும் மட்டும் உள்ளே விடும். இன்னொரு கண்ணாடி பச்சை. அது பச்சையையும் மஞ்சளையும் மட்டும் விடும். இரண்டையும் சேர்த்து வைத்தால் எதுவும் தெரியாது. ஒன்று விடுவதை மற்றது தடுத்துவிடும்.

இப்போது ஊதாக் கண்ணாடியைத் திரவத்துக்கு முன்னாலும், பச்சைக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னாலும் வைத்தார்கள். உள்ளே போனது ஊதா. ஆகவே இந்தப் பக்கம் இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இருட்டாக இல்லை. மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது!

உள்ளே போன ஒளியில் ஏறக்குறையக் கோடியில் ஒரு பங்கு, திரவத்தின் அணுக்கூட்டத்தில் மோதி, நிறம் மாறி வெளியே வந்திருந்தது. எவ்வளவு நிறம் மாறும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதனால், நிறம் மாறிய அளவை வைத்தே பொருள் இன்னது என்று சொல்லிவிடலாம். இன்று மருந்து மாத்திரை அசலா போலியா, ரத்தினக்கல் எந்த வகை என்று பார்ப்பதற்குக்கூட இந்த முறை பயன்படுகிறது.

ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகைக்கு ஒரு சிறு கட்டுரை போயிற்று. அது 1928 மார்ச் 31-ந் தேதி வெளிவந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. தனியாக அவருக்கு மட்டும்.

கிருஷ்ணனுக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கேள்வியை எழுப்பி, ஏழு ஆண்டுகள் விடாமல் துரத்தியவர் ராமன். முக்கியமான அந்த நாட்களில் குடுவையைச் சுத்தம் செய்து, கண் வலிக்க இருட்டில் உற்றுப் பார்த்தவர் கிருஷ்ணன். இரண்டுமே உண்மை. நோபல் உரையில் ராமன் கிருஷ்ணனின் பெயரைச் சொல்லவும் செய்தார். கிருஷ்ணனோ, 1928-லேயே தம்முடைய கட்டுரையின் தலைப்பில் ராமன் விளைவு என்ற பெயரைத்தான் எழுதினார்.

டாக்காவில் ஒரு கயிறு

பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் கல்கத்தாவிலேயே இல்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். இன்று பங்களாதேசத்தின் தலைநகராக இருக்கிற ஊர். அப்போது அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வயது ஏழுதான். சிறிய இடம். ஆனால் அங்கே பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் சத்தியேந்திரநாத் போஸ். 1924-ல் டாக்காவிலிருந்தே ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பி, உலகத்தின் கவனத்தைத் திருப்பியவர்!

கர்சன் ஹால் என்ற கட்டடத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் கிருஷ்ணன் தமக்கென்று ஒரு வேலையைத் தொடங்கினார். பி.சி.குஹா, சாந்திலால் பானர்ஜி என்ற இரு இளைஞர்கள் துணைக்கு நின்றார்கள். அதற்கு வேண்டிய சாமான்கள்: ஒரு காந்தம், தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழை, அதன் நுனியில் தொங்கும் சின்னஞ்சிறு படிகம். அவ்வளவுதான்!

படிகம் எது? துணிப்பெட்டியில் பூச்சி அரிக்காமல் போட்டு வைக்கிறோமே, பாச்சை உருண்டை, அது நாப்தலீன் என்ற பொருள். நிலக்கரியைக் காய்ச்சும்போது கிடைக்கும் தாரிலிருந்து எடுப்பது. அந்தப் படிகமும், அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவையும் அந்த இழையில் தொங்கின.

படிகத்தைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டால், அது தனக்குப் பிடித்த ஒரு திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல் நுனியை மெல்ல மெல்ல முறுக்க வேண்டும். படிகம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஆனால் இடத்தை விடாது. முறுக்கு ஏற ஏறப் பிடிவாதம் பிடிக்கும். ஒரு கட்டத்தில் சட்டென்று புரண்டுவிடும்! எத்தனை சுற்று முறுக்கியதும் புரண்டது என்று குறித்துக்கொண்டால் போதும். படிகத்துக்கு அந்தத் திசையில் எவ்வளவு பற்று என்பது தெரிந்துவிடும். உள்ளே தட்டையான அணுக்கூட்டங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கியிருக்கின்றன என்பதையும் அதிலிருந்து கணக்குப் போடலாம்.

தேங்காயை உடைக்காமல், தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? ஏறக்குறைய அந்த வித்தைதான்.

கல்கத்தாவில் ஒளியைக் கொண்டு கண்ட உண்மையை, டாக்காவில் காந்தத்தைக் கொண்டு தொடர்ந்தார் என்று சொல்லலாம். இந்த ஆராய்ச்சியின் முதல் பகுதியை லண்டன் ராயல் சொசைட்டி 1933-ல் வெளியிட்டது. படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து புகழ் பெற்ற இங்கிலாந்துப் பெண் விஞ்ஞானி காத்லீன் லான்ஸ்டேல் 1936-ல் கிருஷ்ணனுடன் சேர்ந்து கட்டுரை எழுதினார்.

நெய்வேலிக் கரியும் பென்சில் கரியும்

1933-ல் ராமன் பெங்களூருக்குப் போனார். அதே ஆண்டு கிருஷ்ணன் பழைய கழகத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

அங்கே அவர் கையில் எடுத்த பொருள் கிராபைட். பென்சிலுக்குள் இருக்கிற கரி. நெய்வேலியில் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் எரிவதும் இதே கார்பன்தான். ஒரு காலத்தில் நம் வீட்டுக் குமுட்டிகளில் எரிந்த நெய்வேலி லெகோ கரியும் அதுவே. வைரமும் அதுவே! அணு ஒன்றுதான், அடுக்கியிருக்கும் விதந்தான் வேறு.

கிராபைட்டில் கார்பன் அணுக்கள் அப்பளம் அடுக்கியது போலத் தட்டுத் தட்டாக இருக்கின்றன. தட்டுகள் வழுக்கிப் பிரிவதால்தான் பென்சில் எழுதுகிறது. கிருஷ்ணன் இதில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். தட்டின் வாக்கில் எளிதாக ஓடிய மின்சாரம், ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குத் தாவத் திணறியது. வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல, ஆயிரக்கணக்கான மடங்கு! 1939-ல் என்.கங்கூலி என்ற துணைவருடன் சேர்ந்து இதை வெளியிட்டார். பிற்காலத்தில் அந்த அடுக்கிலிருந்து ஒரே ஒரு தட்டை மட்டும் உரித்து எடுத்து ஆராய்ந்த இரு விஞ்ஞானிகளுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிராபீன் என்பது அதன் பெயர்.

டில்லி வாழ்க்கை

1940-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1946-ல் சர் பட்டம் கிடைத்தது. சுதந்திரம் வந்த 1947-ல் டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு அவரே முதல் தலைவர். கடையில் நமக்கு நிறுத்துத் தருகிற கிலோ, துணிக்கடை மீட்டர், இவற்றுக்கெல்லாம் மூல அளவை வைத்துக் காக்கிற இடம் அது. ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கும் அழியாத மைக்கு வழி கண்டதும் அதே கூடந்தான். ஆனால் அந்த மை 1962 தேர்தலில்தான் வந்தது. அதைப் பார்க்கக் கிருஷ்ணன் இல்லை.

1948-ல் அமைந்த அணுசக்திக் கமிஷனின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். மற்ற இருவர் பாபா, பட்நாகர். 1954-ல் பத்மபூஷண் வந்தது. பட்நாகர் பெயரில் ஏற்பட்ட விஞ்ஞானப் பரிசு 1958-ல் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. இத்தனை பொறுப்புக்கு நடுவிலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1961 ஜூனில், 62-வது வயதில், டில்லியில் காலமானார். நெய்வேலியில் மண்ணை வெட்டி, முதன்முதலாக நிலக்கரியைக் கண்டது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

மூன்று வாரக் குறிப்பு

இரவு 9 மணிக்கு ராமன் தேடி வந்ததும், வாசலில் நின்று பேசியதும் நமக்கு எப்படித் தெரிந்தது?

கிருஷ்ணன் எழுதி வைத்த நாட்குறிப்பினால்தான். 1928 பிப்ரவரி 5 முதல் 28 வரையிலான குறிப்பு. ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் 2000-ம் ஆண்டு அதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளிவந்தது. யார் என்ன செய்தார், எந்தத் திரவம், எந்தக் கண்ணாடி என்பதுதான் அதில் நிறைய இருக்கிறது.

பிப்ரவரி 28-ந் தேதி, இன்று நாடு கொண்டாடும் நாள், அவர் மதியத்துக்கு மேல்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ராமன் அங்கே இருந்தார். ஊதாக் கண்ணாடியோடு இன்னொரு கண்ணாடியையும் சேர்த்து, உள்ளே போகும் நிறத்தை இன்னும் குறுக்கினார்கள். நிறம் பிரித்துக் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். போன நிறம் ஒரு பக்கம், மாறி வந்த நிறம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு கறுத்த இடைவெளி.