ஆசிரியர்களின் பாதுகாவலர்

பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்த புனித யோவான் பப்திஸ்து தெ லா சால், பிரான்சின் றைம்ஸ் நகரில் 1651இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதிலேயே பேராலயக் கனோனிக்கர் பதவி பெற்றவர். அத்தகையவர் 1681இல் ஏழைப் பள்ளிகளின் ஆசிரியர்களைத் தம் வீட்டிலேயே குடியேற்றினார். உறவினர் முகஞ்சுளித்தனர். ஆசிரியர்களோ, வருமானம் உள்ளவருக்கு நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று போதிப்பது எளிது என முகத்துக்கு நேரே கூறிவிட்டனர். சுடுசொல்தான், அதில் உண்மையும் இருந்தது. அவர் கோபிக்கவில்லை, தம்மையே ஆத்தும சோதனை செய்தார். 1683இல் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் அவர் சொத்தும் ஏழைகளுக்கு அப்பமாயிற்று.

தாம் கற்ற பாடத்தையே பள்ளிகளை நடத்தப்போகும் சகோதரருக்கும் வைத்தார். 1691 முதல் பாரிசுக்கு அருகே வோஜிராரில், விடுமுறையில் அவர்களைத் தியானத்துக்கு அழைத்தார். தியான காலத்துக்கென அவர் எழுதிய 16 சிந்தனைகளில், பிள்ளைகளைக் கண்டிப்பதைப் பற்றியும், ஊழியத்துக்காகக் கடவுளிடம் கொடுக்கவேண்டிய கணக்கைப் பற்றியும் உண்டு. எத்தனை பிள்ளைகள் தேறினர் என்ற கணக்கு அல்ல அது.

1712இல் வழக்குகளால் மனம் நொந்து, சபைக்குத் தாமே இடையூறு என்றெண்ணித் தென்பிரான்சுக்குச் சென்றார். 1714இல் சகோதரர்கள் கீழ்ப்படிதலின் பேரில் திரும்பி வரும்படி கட்டளையிட்டனர். தாம் உருவாக்கியவர்களின் கட்டளை! வந்தார். 1717இல் தலைமையைச் சகோதரர் பார்த்தெலெமியிடம் ஒப்படைத்து, 1719 பெரிய வெள்ளியன்று இறக்கும்வரை அவருக்குக் கீழ்ப்படிந்தே வாழ்ந்தார்.