பச்சையப்பரும் உறங்கிய கொடையும்

கொடையை அளப்பது எங்ஙனம்? கொடுத்தவர் கையை நோக்கியா, பெற்றவர் கையை நோக்கியா? பொள்ளாச்சிச் சந்தைக்கு ரசீதுப் புத்தகத்தோடு நன்கொடை கேட்டு வருவோரை நாள்தோறும் காணும் நமக்கு, வள்ளல் பச்சையப்பரின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விளக்கமாகும்.

1754-இல் பிறந்த பச்சையப்பர், தந்தை முகம் காணாத பிள்ளை. தாயின் வறுமையைக் கண்டு இரங்கிய பவுணி நாராயணப் பிள்ளை என்பார் அவரை ஆதரித்து வளர்த்தார். வெள்ளையர்க்குத் துபாஷியாய்ப் பணிபுரிந்தும், தஞ்சைப் பகுதியில் கொடுக்கல் வாங்கல் செய்தும் பச்சையப்பர் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஈட்டியதைக் கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்திற்கும் வாரி வழங்கினார். 1794 மார்ச்சில் தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென உயில் எழுதி வைத்து, அத்திங்களிலேயே திருவையாற்றில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பது.

அதன்பின் நிகழ்ந்ததே எண்ணிப் பார்க்கத்தக்கது. பொருள் இருந்தது, உயிலும் இருந்தது, அறம் மட்டும் நடைபெறவில்லை. உறவினர் வழக்காடினர், பணம் முடங்கிக் கிடந்தது. வக்ஃபு சொத்துகளின் வரலாறு அறிந்தோர்க்கு இது புதிய கதை அன்று! வள்ளல் போன பின் கணக்குக் கேட்பார் இல்லையெனில், எத்துணைப் பெரிய கொடையும் ஏட்டளவில் நின்றுவிடும். இங்கோ கேட்பார் ஒருவர் வாய்த்தார். அரசு வழக்கறிஞர் தலைவரான ஜார்ஜ் நார்ட்டன் இதில் முனைந்து நின்றார். சென்னை உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் பொருள் மீட்கப்பட்டு, அறநிலையம் ஒன்றின் பொறுப்பில் வந்தது. உயிலிற் கண்ட தருமங்களுக்கு ஒதுக்கியது போக, வட்டியால் பெருகிய மிகுதி கல்விக்கு ஆயிற்று.

1842 சனவரி முதல் நாள் சென்னைப் பிராட்வேயில் பள்ளி தொடங்கிற்று. வள்ளல் மறைந்து 48 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் ஒரு தலைமுறையே எழுத்தறியாமல் முதிர்ந்திருக்கும். அவ்விழப்பை எந்தக் கணக்கேட்டில் பதிவது? பள்ளி 1889-இல் கல்லூரியாய் உயர்ந்தது. அறிஞர் அண்ணா அங்கே பயின்றார். 1939 முதல் டாக்டர் மு.வ. அங்கே தமிழ் கற்பித்தார்.

மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். அக்கல்லூரியில் நெடுங்காலம் இந்து மாணவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். ஏனைச் சமயத்தார்க்கு அதன் கதவு திறந்தது 1947-இல். உயில் எழுதப்பட்டு 153 ஆண்டுகளுக்குப் பின்னர்.