பனித்தளத்துப் பாவை சோன்யா ஹெனி

ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் யார் என்று சொல்ல ஒரு கடிகாரம் போதும். உயரத் தாண்டலுக்கு ஓர் அளவுகோல் போதும். ஆயின், விளையாட்டும் கலையும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நிற்கும் துறையில் வெற்றியை அளப்பது எங்ஙனம்? பனித்தளச் சறுக்கு நடனம் அத்தகைய துறைகளுள் ஒன்று. கத்தி பொருத்திய காலணி அணிந்து, உறைந்த நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிச் சென்று, அந்தரத்தில் எழும்பிச் சுழன்று, ஒற்றைக் காலில் வந்திறங்கும் நங்கையர்க்கு நடுவர்கள் மதிப்பெண் இடுகின்றனர். எவ்வளவு உயரம் எழும்பினாள், எவ்வளவு தூரம் பறந்தாள் என்பதும் கணக்கில் சேரும்; இசையோடு இயைந்தாளா, உடலின் ஒவ்வொரு வளைவிலும் அழகு தோன்றிற்றா என்பதும் சேரும். இவ்விரண்டில் எதற்கு எடை மிகுதி என்னும் வழக்கு நூறாண்டு கடந்தும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கின் நடுவே பிறந்து, வளர்ந்து, புகழெய்தியவர் நார்வே நாட்டுச் சோன்யா ஹெனி.

இன்று ஓஸ்லோ என வழங்கும் நகரம் அந்நாளில் கிறிஸ்டியானியா எனப் பெயர் பெற்றிருந்தது. அந்நகரில் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் சோன்யா பிறந்தார். தந்தையார் வில்ஹெல்ம் ஹெனி மென்மயிர்த் தோல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். இளமையில் சைக்கிள் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றவர். வெற்றியின் சுவையறிந்த அத்தந்தை, மகளின் கால்களில் இருந்த திறனைக் கண்டுகொண்டார். பள்ளிப் படிப்பை வீட்டு ஆசிரியர்களிடம் ஒப்படைத்து, பயிற்சிக்கே நாளின் பெரும்பகுதியை ஒதுக்கினார். சறுக்கு நடனத்தோடு பாலே நடனமும் கற்பிக்கப்பட்டது. 1923-இல், பத்து வயதிலேயே, சோன்யா தம் நாட்டின் முதன்மைப் பட்டத்தைப் பெற்றார்.

அக்காலத்துப் போட்டியின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால்தான் அவர் செய்த புதுமை விளங்கும். அந்நாளில் மதிப்பெண்ணில் பாதிக்கு மேற்பட்ட பங்கு தாவலுக்கும் இல்லை, நடனத்திற்கும் இல்லை. கட்டாய உருவங்கள் என்னும் பகுதிக்கே உரியதாக இருந்தது. நம் மகளிர் வாயிலில் மாக்கோலம் இடுவதுபோல, அவர்கள் கத்தி விளிம்பால் பனியின்மேல் எட்டும் வட்டமும் வளைவுமாகக் கோடு வரைய வேண்டும். போட்ட கோட்டின்மேலேயே பிசகாமல் மீண்டும் செல்ல வேண்டும். நடுவர்கள் பனியருகே குனிந்து அக்கோடுகளை ஆராய்வார்கள். எஞ்சிய பகுதியே இசைக்கு ஆடும் தன்விருப்ப ஆட்டம்.

அவ்வாட்டத்திலும் மகளிர்க்குத் தடைகள் பல இருந்தன. நீண்ட பாவாடையும் கரிய காலணியுமே வழக்கமான உடை. தாவுதல் ஆடவர்க்கு உரியதென்றும் பெண்மைக்கு ஒவ்வாததென்றும் கருதினர். 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயத்தில் அமெரிக்க நங்கை தெரசா வெல்ட் ஒரு தாவலைச் செய்து காட்டியபோது நடுவர்கள் அதனைப் பாராட்டவில்லை. பாவாடை முழங்காலுக்கு மேல் பறக்கின்றதென எச்சரித்தனர். தாவலின் உயரமே ஒரு பெண்ணுக்குக் குறையாக எண்ணப்பட்ட காலம் அது!

1924-இல் பிரான்சு நாட்டு ஷாமனி நகரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. பதினொரு வயதுச் சோன்யா அதில் கலந்துகொண்டார். எண்மர் போட்டியிட்டனர், சோன்யாவுக்குக் கிடைத்தது எட்டாம் இடம். ஆட்டத்தின் நடுவே அடுத்துச் செய்யவேண்டியது யாதென ஆசிரியரிடம் கேட்க ஓரத்துக்குச் சென்று வந்தார் என்றும் கூறுவர். ஆயினும் அத்தோல்வி வீண்போகவில்லை. சிறுமி என்பதால் குட்டைப் பாவாடை அணிந்து ஆட அவருக்குத் தடை இருக்கவில்லை. அவ்வுடை கால்களுக்கு விடுதலை அளித்தது. தாவலும் சுழற்சியும் எளிதாயின. முன்னோக்கி எழும்பி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி இறங்கும் ஆக்செல் தாவலைச் செய்த முதற் பெண்டிருள் அவரும் ஒருவர். அத்தாவலை 1882-இல் முதன்முதல் செய்து காட்டிய ஆக்செல் பால்சனும் நார்வே நாட்டவரே. பின்னாளில் சோன்யா அணிந்த குட்டை உடையையும் வெண்ணிறக் காலணியையும் உலகெங்கும் மகளிர் மேற்கொண்டனர்.

தாவலை மட்டும் நம்பி அவர் நிற்கவில்லை. ருஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தை அவர் கண்டார். அதுபோன்று பனியின்மேல் ஆடவேண்டும் என்னும் வேட்கை உள்ளத்தில் வேரூன்றியது. அதுவரை தனித்தனி வித்தைகளின் கோவையாக இருந்த ஆட்டத்தை, தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடையதொரு நடனமாக அமைத்தார். தாவல் இசையின் ஏற்றத்தில் எழுந்தது. சுழற்சி இசை அடங்கும் இடத்தில் அடங்கியது.

இவ்விடத்தில் நம்மவர்க்கு உவகை தரும் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. அதே பாவ்லோவா அம்மையாரை 1928-இல் பம்பாயில் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர் நம் ருக்மிணி தேவி. அவருக்குப் பாலே பயிற்சி கிடைக்க வழிசெய்த பாவ்லோவா, சொந்த நாட்டின் கலையை நாடுமாறும் தூண்டினார். அத்தூண்டுதல் பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பரதம் பயிலவும், 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றவும் துணையாயிற்று. ஒரே விளக்கில் ஏற்றிய இரு சுடர்கள், ஒன்று வடதுருவத்தை அடுத்த பனிநாட்டிலும் மற்றொன்று அடையாற்றங்கரையிலும் ஒளிவிட்டன!

1926-இல் ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் சோன்யா இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் ஆஸ்திரிய வீராங்கனை ஹெர்மா சாபோவுக்கு. 1922 முதல் தொடர்ந்து ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றவர் அவர். மறு ஆண்டு இருவரும் ஓஸ்லோவில் மீண்டும் மோதினர். ஐந்து நடுவர்களுள் மூவர் நார்வே நாட்டவர், ஒருவர் ஆஸ்திரியர், ஒருவர் ஜெர்மானியர். நார்வே நடுவர் மூவரும் சோன்யாவுக்கு முதலிடம் தந்தனர்; ஏனைய இருவரும் சாபோவுக்கே தந்தனர். மூன்றுக்கு இரண்டென்ற கணக்கில் பதினான்கு வயதுச் சோன்யா உலகத் தலைவியானார். கூக்குரல் எழுந்தது. சாபோ மனம் கசந்து ஒற்றையர் போட்டியிலிருந்து விலகினார். இனி ஒரு நாட்டுக்கு ஒரு நடுவரே என்னும் விதியை உலகச் சறுக்குச் சங்கம் வகுத்தது.

இந்நிகழ்ச்சியை நடுநிலையோடு நோக்கவேண்டும். சிறுமி சோன்யா குற்றம் ஏதும் செய்யவில்லை. அந்நடுவர்களும் மனமறிந்து பொய்த்தார்கள் என்று சொல்வதற்கில்லை. தம் ஊர்ப் பெண், தம் கண்முன் வளர்ந்த பெண் ஆடும்போது அவள் தாவல் சற்று உயரமாகவே தோன்றும். அவள் புன்னகை சற்று இனிமையாகவே தோன்றும். அளவுகோல் இல்லாத இடத்தில் அன்பே அளவுகோலாகிவிடுகின்றது. ஆகவேதான் நல்ல மனம் மட்டும் போதாது, நல்ல விதியும் வேண்டும் என்பதை அன்று உலகம் கற்றுக்கொண்டது.

அம்முதற் பட்டத்தின்மேல் படிந்த நிழலைச் சோன்யா தம் ஆட்டத்தாலேயே அகற்றினார். 1928-இல் செயின்ட் மோரிட்ஸ், 1932-இல் லேக் பிளாசிட், 1936-இல் கார்மிஷ் என மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் பொற்பதக்கம் வென்றார். 1927 முதல் 1936 வரை ஒரு முறையும் தவறாமல் பத்து உலகப் பட்டங்களும், 1931 முதல் ஆறு ஐரோப்பியப் பட்டங்களும் அவரை வந்தடைந்தன. ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர் என்ற விதி வந்த பின்னரும் தோல்வி அவரை அணுகவில்லை.

ஆயினும் அவர் அரியணையை அசைக்க ஒருத்தி வந்தாள். 1928-இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியைக் காணவந்த ஏழு வயதுச் சிறுமி சிசிலியா காலெட்ஜ், அங்கே கண்ட காட்சியால் ஊக்கம் பெற்றுச் சறுக்கு நடனம் கற்கத் தொடங்கினாள். 1936 தொடக்கத்தில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அவள் அந்தரத்தில் இருமுறை சுழன்று இறங்கினாள். போட்டியில் இருசுற்றுத் தாவல் செய்த முதல் பெண் அவளே, வயது பதினைந்து. அடுத்த மாதம் கார்மிஷில் கட்டாய உருவங்கள் முடிந்தபோது இருவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு மிகச் சிறிது. தன்விருப்ப ஆட்டத்தில் சோன்யாவின் மெருகும் இசையமைதியும் மேலோங்கி வெற்றி தந்தன. புதிய தாவலை ஏந்தி வந்தவள் இரண்டாம் இடம் பெற்றாள். மறு ஆண்டே உலகப் பட்டமும் பெற்றாள். கலை அன்று வென்றது. ஆனால் காலம் தாவலின் பக்கம் சாயத் தொடங்கிற்று.

1936-இல் பாரிசில் பத்தாம் உலகப் பட்டத்தைப் பெற்றதோடு சோன்யா போட்டிகளிலிருந்து விலகி அமெரிக்கா சென்றார். ஹாலிவுட்டில் அவர் நடித்த முதற் படம் அவ்வாண்டின் முடிவிலேயே வெளிவந்தது. திரைப்படங்களாலும், ஊர்தோறும் நடத்திய பனி நடனக் காட்சிகளாலும் பெருஞ்செல்வம் குவிந்தது. பனியையே கண்டிராத வெப்பநாட்டு மக்களும் திரையில் அவரைக் கண்டு வியந்தனர்.

அவர் வாழ்வில் களங்கமும் உண்டு; அதனை மறைப்பது முறையன்று. 1936-இல் பெர்லினில் ஆடியபோது ஹிட்லரை நோக்கி நாஜி முறையில் கைதூக்கி வணங்கினார். அவர் அளித்த விருந்திலும் கலந்துகொண்டார். நார்வே நாட்டுப் பத்திரிகைகள் கடிந்துரைத்தன. 1940-இல் ஜெர்மானியப் படை நார்வேயைக் கைப்பற்றியபோது தாய்நாட்டின் துயர் துடைக்க அவர் போதிய அளவு முன்வரவில்லை என்ற மனக்குறை நாட்டவர் நெஞ்சில் நெடுநாள் இருந்தது. பனியின்மேல் ஒரு விரற்கடையும் பிசகாத கால்கள், வாழ்க்கையின் வழுக்கு நிலத்தில் பிசகின. மேடையில் நின்று புகழ்பெறுவோர் யார் முன் தலை வணங்குகின்றோம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும் அன்றோ!

அவர் மும்முறை மணந்தார். 1956-இல் மணந்த நார்வே நாட்டுக் கப்பல் அதிபர் நீல்ஸ் ஓன்ஸ்டாடுடன் இறுதிவரை வாழ்ந்தார். இருவரும் சேர்த்த நவீன ஓவியங்களைத் தாய்நாட்டுக்கே வழங்கி, ஓஸ்லோவுக்கு அருகே 1968-இல் ஒரு கலைக்கூடம் நிறுவினர். இரத்தப் புற்றுநோயால் நலிவுற்ற சோன்யா, 1969 அக்டோபர் 12-ஆம் நாள் பாரிசிலிருந்து ஓஸ்லோவுக்கு விமானத்தில் வரும் வழியில், வானிலேயே உயிர்நீத்தார். அக்கலைக்கூடத்தருகே ஒரு மேட்டில் அவர் துயில்கின்றார்.

அவருக்குப் பின் விதிகள் பெரிதும் மாறின. கட்டாய உருவங்கள் 1990-இல் போட்டியை விட்டு அகன்றன. 2002-இல் சால்ட் லேக் ஒலிம்பிக்கில் இணையர் போட்டியில் நடுவர் நேர்மை பற்றிப் பெரும் பூசல் எழ, 2004 முதல் பழைய ஆறு மதிப்பெண் முறையும் கைவிடப்பட்டது. இன்று ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை உண்டு. அதன் உயரமும் தூரமும் இறங்கிய செம்மையும் நோக்கி நடுவர்கள் அவ்விலையைக் கூட்டியும் குறைத்தும் இடுவர். கலையழகுக்குத் தனி மதிப்பெண். பகுத்துப் பகுத்து அளந்தும், அழகை அளக்கும் இடம் வந்தவுடன் மனித உள்ளமே அளவுகோலாக நிற்கின்றது.

நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களிலும் குழந்தைகளுக்குப் பாட்டும் நடனமும் போட்டியாக வைக்கின்றோம். நடுவர் நாற்காலியில் அமர்வோர் பெரும்பாலும் நாமே. மேடையேறுவோர் நம் வீட்டுச் செல்வங்களே. ஓஸ்லோவில் 1927-இல் எழுந்த அதே கேள்வி இங்கும் எழக்கூடும். தம் பிள்ளை ஆடும் போட்டிக்குத் தாம் நடுவராக அமர்வதில்லை என்னும் எளிய விதியை ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளலாம். அவ்விதி தோற்ற குழந்தைக்கு மட்டுமன்று, வென்ற குழந்தைக்கும் நன்மை செய்யும். முதற் பட்டத்தின்மேல் விழுந்த நிழலைப் போக்கச் சோன்யா ஹெனி ஒன்பது முறை மீண்டும் வெல்ல வேண்டியிருந்தது. நம் குழந்தைகளின் முதற் பரிசே நிழலற்றதாக விளங்குவதாக!