அகத்தொளியை நம்பிய ஜார்ஜ் பாக்ஸ்

மனிதருடைய அதிகாரத்தைச் சாராது, கடவுளின் வழிகாட்டுதலையே துணையாகப் பற்றி வாழ்ந்த கிறிஸ்தவப் பெரியார்களுள் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் சிறந்தவர். நம் சங்கக் குடும்பத்தினர் எம்மதத்தைச் சார்ந்தோராயினும் அவர் சரித்திரத்தை அறிதல் நலமெனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1624-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், இங்கிலாந்து தேசத்து லெஸ்டர்ஷயர் ஜில்லாவில் டிரேட்டன் என்னும் சிற்றூரில் நெசவாளர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். இளமையில் செருப்புத் தைப்பவரிடம் தொழில் பயின்றார். வேதத்தை வாயால் ஓதுவோர் அதன்படி ஒழுகாமை கண்டு மனம் நொந்து, 1643-ஆம் வருஷம் தமது 19-ஆம் வயதில் வீட்டையும் சுற்றத்தையும் விட்டு வெளியேறினார்.

தம் மனத்துயரைத் தீர்ப்பார் உளரோவென்று குருமார் பலரை நாடினார். ஒருவர் புகையிலை பிடித்துச் சங்கீதம் பாடுமாறு யோசனை கூறினார். மற்றொருவர் தம் தோட்டத்தில் உலவி உரையாடுகையில், இவர் கால் பூம்பாத்தியின் ஓரத்தில் பட்டதற்காகப் பெருஞ்சினங் கொண்டார். துயருற்றுத் தம்மிடம் வந்தவனினும் பாத்தி அவருக்குப் பெரிதாயிற்று! இவ்வாறு மனிதரிடம் வைத்த நம்பிக்கை முற்றும் அற்றுப்போன 1647-ஆம் வருஷத்தில், தம் நிலைமை அறிந்து பேசவல்லவர் கிறிஸ்து ஒருவரே என்னும் தெளிவு இவர் உள்ளத்தில் உதித்தது. சர்வகலாசாலைப் பட்டம் ஒருவரைத் தேவ ஊழியராக்காது, மாந்தர் அனைவருள்ளும் கடவுள் அருளிய ஒளி உண்டு என்று இவர் போதிக்கலானார்.

இப்போதனையால் இவர் அடைந்த இன்னல்கள் பல. 1650-ஆம் வருஷம் டார்பி நகரில் தேவதூஷணக் குற்றஞ் சாட்டிச் சிறையிலிட்டனர். கடவுளின் வார்த்தைக்கு நடுங்குமாறு நீதிபதிக்கு இவர் கூறவே, அவர் இவர் கூட்டத்தாரை நடுங்குவோர் எனப் பொருள்படும் குவேக்கர் என்னும் பெயரால் இகழ்ந்தார். படைத்தலைமை ஏற்பின் விடுதலை தருவதாகச் சொல்லியும் இவர் மறுத்து, கொடிய நிலவறையில் கிடந்தார். அக்காலத்து ஆங்கிலேயர் பெரியோரைப் பன்மையாலும் எளியோரை ஒருமையாலும் விளித்தல் வழக்கம். இவரோ யாவரையும் ஒருமையிலேயே விளித்தார். எவர் முன்பும் தொப்பியைக் கழற்றினாரில்லை. நீர் என்பதும் நீ என்பதும் எத்துணைப் பூசலை விளைக்கும் என்பதை நம்மனோர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயின், தன் மனத்தில் தோன்றுவதெல்லாம் தெய்வவாக்கு என்று ஒருவன் மயங்கினால் யாது செய்வது? இவ்வினா விரைவில் எழுந்தது. 1656-ஆம் வருஷம் இவர் தோழராகிய ஜேம்ஸ் நெய்லர், கிறிஸ்து எருசலேமிற் புகுந்தவாறு, அன்பர் துதிபாடக் குதிரைமீது பிரிஸ்டல் நகருட் புகுந்தார். பார்லிமெண்டு சபையார் அவரைச் சவுக்கால் அடிப்பித்து, நெற்றியிற் சூடிட்டு, நாவைத் துளைப்பித்தனர். இத்துன்பத்தால் குவேக்கர் சமூகம் முழுவதும் பழிக்கப்பட்டது. இதன் பின்னரும் பாக்ஸ் அகத்தொளியை விட்டுக் குருமாரின் அதிகாரத்துக்குத் திரும்பினாரில்லை. அன்பர் ஒருங்கே மௌனமாய்க் காத்திருந்து, ஒருவர்க்குத் தோன்றியதைப் பலரும் அடக்கத்தோடு ஆராயும் மாதாந்தரக் கூட்டங்களை 1660-களில் ஊர்தோறும் நிலைநாட்டினார். பெண்டிர்க்கும் தனிக் கூட்டங்கள் அமைத்தார்.

1669-ஆம் வருஷம் மார்கரெட் பெல் என்னும் அம்மையாரை மணந்தார். 1671 முதல் 1673 வரை அமெரிக்க நாடுகளிற் சென்று போதித்தார். 1691-ஆம் வருஷம் ஜனவரி 13-ஆம் நாள் லண்டனில் தமது 66-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

பெரியோர் கூறினர் என்பதற்காக ஆராயாது ஏற்றலும் பிழை. என் மனம் கூறிற்று என்பதற்காக ஆராயாது துணிதலும் பிழை. உள்ளத்தின் ஒளியை அஞ்சாது பின்பற்றி, அதனைப் பணிவோடு சோதித்தும் கொண்டமையே பாக்ஸின் பெருமையாகும். நம் குடும்பங்களிலும் சங்கத்திலும் எழும் வழக்குகளில் இவ்விரண்டையும் நாம் கைக்கொள்வோமாக.