கொச்சியில் ஒரு காலிக் கல்லறை

இந்த விடுமுறைக்குக் கொச்சி போகிறீர்களா? சீன வலைகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. உள்ளே தரையில் பதித்த ஒரு கல்லைக் காட்டுவார்கள். வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடம் அது.

இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் என்று பள்ளியில் ஒரே வரியில் படித்திருப்போம். பிள்ளைகளுக்கு மீதிக் கதையையும் சொல்லுங்கள்.

போர்ச்சுகலின் கடலோர ஊரான சினெஸில் பிறந்தவர் அவர். 1497 ஜூலை 8 அன்று நான்கு கப்பல்களோடும் சுமார் 170 பேரோடும் லிஸ்பனிலிருந்து புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாலிந்தி வந்து சேர்ந்தார். அங்கே கிடைத்த ஒரு மாலுமி, பருவக்காற்றை அறிந்தவர். அவர் வழிகாட்ட, 23 நாளில் அரபிக்கடலைக் கடந்து, 1498 மே மாதம் கோழிக்கோடு பக்கம் வந்துவிட்டார்கள். அரபு, குஜராத்தி வணிகர்கள் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த பாதைதான் அது.

சாமூத்திரி மன்னருக்கு அவர் கொண்டுவந்த பரிசு துணி, தொப்பி, கைகழுவும் பாத்திரம், தேன், எண்ணெய். செல்வம் கொழித்த அரசவையில் அதை யாரும் மதிக்கவில்லை. ஒப்பந்தம் கிடைக்காமல் திரும்பினார். காற்று எதிராக இருந்த காலத்தில் கிளம்பியதால், 23 நாளில் வந்த கடலைத் திரும்பக் கடக்க மூன்று மாதம் ஆனது. ஸ்கர்வி நோயில் பலர் இறந்தார்கள். புறப்பட்டவர்களில் பாதிப்பேர்கூட ஊர் திரும்பவில்லை.

1502இல் பீரங்கிகளோடு மறுபடி வந்தார். மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய மிரி என்ற கப்பலை மறித்து, சரக்கை எடுத்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உள்பட நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார். சில குழந்தைகள் மட்டுமே தப்பினார்கள். பிறகு கோழிக்கோட்டின் மேல் குண்டு பொழிந்தார்.

1524இல் வைஸ்ராயாக மூன்றாம் முறை வந்தவர், சில மாதங்களிலேயே நோயுற்று, டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார். பின்னர் உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். இன்று அவருக்கு லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடாலயத்தில் பெரிய சமாதி இருக்கிறது. கொச்சியில் இருப்பது வெறும் கல்தான்.

நேரம் இருந்தால் கோழிக்கோட்டுக்கு வடக்கே உள்ள காப்பாடு கடற்கரைக்கும் போய்வாருங்கள். அவர் வந்திறங்கியதைச் சொல்லும் சிறிய கல்தூண் ஒன்று அங்கே நிற்கிறது. வழிகாட்டிய மாலுமிக்கோ, மிரி கப்பலில் எரிந்தவர்களுக்கோ அந்தக் கரையில் கல் கிடையாது. பிள்ளைகளை அந்தத் தூண் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கும்போது, அவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள்.